நாய்க்குட்டிக்கு உலர் தீனி: கேட்டு வருபவருக்கு எதை எடுத்துக் கொடுப்பது?



அரிசி, பருப்பு, எண்ணெய், புளி என்று விற்றுக்கொண்டிருந்த நம் மளிகைக் கடைகளில் இன்று ஒரு மூலையில் நாய்த் தீனி மூட்டையும் ஏறி உட்கார்ந்துவிட்டது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று டவுன்களில் மட்டுமல்ல, பஸ் நின்று போகும் சிற்றூர்க் கடைகளிலும் பாக்கெட் சரம் தொங்குகிறது. முன்பெல்லாம் நம் பக்கத்து வீட்டு நாய்க்குப் பழைய சோறும் மீன் முள்ளும்தான் சாப்பாடு. களத்து மேட்டில் காவல் கிடந்த நாய்க்கு அதுவும் சில நாள் கிடைக்காது. இப்போது பிள்ளைகள் ஆசைப்பட்டுக் குட்டி வாங்குகிறார்கள். வாங்கிய அன்றைக்கே நம் கடைக்கு வந்து, “குட்டிக்கு எதுங்க நல்லது?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் சொல்லும் பதில், “இதுதாங்க நல்லாப் போகுது” என்பது. எது நன்றாக விற்கிறது என்பது நம் கல்லாவுக்குப் பதில். வந்தவர் கேட்டதற்கு அது பதில் ஆகாது. நாங்களும் பல காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் ஒரு தவறும் செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்களிடம் நெடுநாளாகக் கொள்முதல் செய்யும் ஒரு கிராமத்துக் கடைக்காரர், ஒன்பதாவது படிக்கும் தம் மகளுக்காக லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கியிருந்தார். குட்டிக்கு வயது இரண்டு மாதம். சரக்கு எடுக்க வந்தபோது தீனி கேட்டார். அன்று குட்டிகளுக்கான மூட்டை இருப்பில் இல்லை. வளர்ந்த நாய்க்கான மூட்டை ஒன்று ஓரம் கிழிந்து, பிரித்த நிலையில் கிடந்தது. “எல்லாம் ஒன்றுதான், சோற்றில் ஒரு பிடி போட்டுப் பிசைந்து வையுங்கள்” என்று சொல்லி அதிலிருந்து நிறுத்துக் கொடுத்தோம். அவரும் மாதாமாதம் அதையே வாங்கிப் போனார். நான்காவது மாதம் அந்தப் பெண்பிள்ளை குட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவுடன் கடைக்கே வந்துவிட்டது. குட்டியின் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. பாதம் தரையில் பரந்து விழுந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, வயிறு சோற்றால் நிறைந்ததே தவிர எலும்புக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் சண்டை போடவில்லை. “நீங்க கொடுத்ததைத்தானே ஐயா போட்டோம்” என்று மட்டும் சொன்னார்.

தீனியை மாற்றி, வைத்தியமும் பார்த்ததில் குட்டி தேறியது. வலது முன்னங்கால் மட்டும் முழுதும் நிமிரவில்லை. அந்த வியாபாரத்தில் எங்களுக்குக் கிடைத்த லாபம் ஒரு காப்பிச் செலவுக்குக் காணாது. அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும், மூட்டையில் அச்சிட்டிருப்பதை வரி வரியாகப் படித்தும் தெரிந்துகொண்டோம். அவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

உலர் தீனி என்பது என்ன?

நாய்க்கென்று தனியாகத் தீனி செய்து விற்கும் தொழில் புதிதல்ல. 1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் லண்டனில் நாய் பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கினார். இன்று நாம் விற்கும் மொறுமொறுப்பான உருண்டை அமெரிக்காவில் 1957 ஆம் ஆண்டில் கடைக்கு வந்தது. மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, அச்சு வழியே பிதுக்கி, வெளியே வந்ததும் பொரிய விட்டு, துண்டு போட்டு உலர்த்துவார்கள். கடையில் சரம் சரமாகத் தொங்கும் சோளப்பொரிக் குச்சிகளும் இதே வகை இயந்திரத்தில்தான் வருகின்றன. உலர்ந்த பிறகு மேலே கொழுப்பும் வாசனையும் தெளிப்பார்கள். மூட்டையைப் பிரித்ததும் மூக்கில் ஏறுவது அந்த வாசனைதான்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் நமக்குத் தெரிந்த சரக்குகளே. மக்காச்சோளம், கோதுமை, சோயாப் புண்ணாக்கு, கோழி இறைச்சித் தூள், எண்ணெய் அல்லது கொழுப்பு, உப்பு, தாது உப்புகள், வைட்டமின்கள். பல மூட்டைகளில் அரிசியும் உண்டு. ஆலையில் உடைந்து வரும் குருணையும் நொய்யும் நாய்த் தீனிக்கு நல்ல மாவுச்சத்து. ஆகையால் நம் டெல்டாக்காரர் இந்தச் சரக்கை ஏதோ அந்நியப் பண்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. தானியம் பார்த்துப் பழகிய கண்ணே இதற்கும் போதும்.

ஈரப்பதம் நூற்றுக்குப் பத்து அளவில்தான் இருக்கும். நாய் தின்னும் மற்ற உணவில் பெரும்பகுதி தண்ணீர். எனவே உலர் தீனி போடுகிறவர் பக்கத்தில் எப்போதும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாக வேண்டும். பாக்கெட்டைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

குட்டிக்கு ஏன் தனி மூட்டை?

மனிதக் குழந்தை பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆவதற்கு ஒரு வருடம் பிடிக்கிறது. லாப்ரடார் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்கும் குறைவு. ஒரு வருடத்தில் இருபத்தைந்து, முப்பது கிலோ. அறுபது மடங்கு வளர்ச்சியைப் பன்னிரண்டு மாதத்தில் முடிக்கிற உடம்பு அது. அந்த மாதங்களில் எலும்புக்கும் சதைக்கும் கிடைக்காததை, பிறகு கொட்டிக் கொடுத்தாலும் ஈடு செய்ய முடியாது. நாற்றங்காலில் நோஞ்சானாகப் போன நாற்றுக்கு நடவுக்குப் பின் எவ்வளவு உரம் போட்டாலும் என்ன ஆகும் என்பது நம் ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அளவுகளைப் பார்ப்போம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்த அளவுகளை உலகில் பலரும் பின்பற்றுகிறார்கள். இறக்குமதி மூட்டைகளில் “ஆஃப்கோ” என்று அச்சிட்டிருப்பது அந்தச் சங்கத்தின் பெயர்தான். ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால் வளரும் குட்டியின் தீனியில் புரதம் குறைந்தது நூற்றுக்கு 22.5, கொழுப்பு 8.5 இருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்குப் புரதம் 18, கொழுப்பு 5.5 போதும். சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், குட்டிக்கு 1.2 வேண்டும், வளர்ந்த நாய்க்கு 0.5 போதும். ஆக, “எல்லாம் ஒன்றுதான்” என்று நாங்கள் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று பாருங்கள்.

சோறு என்ன தருகிறது? நூறு கிராம் அரிசியில் புரதம் சுமார் ஏழு கிராம். சுண்ணாம்புச்சத்தோ பத்து மில்லிகிராமை ஒட்டித்தான். குட்டித் தீனி நூறு கிராமில் அதே சத்து ஆயிரத்து இருநூறு மில்லிகிராம். சோறு கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. சோற்றை உண்டு வளர்ந்த பூமி இது. ஆனால் குட்டியின் வயிறு சிறியது. அதில் முக்கால் பங்கைச் சோறு அடைத்துக்கொண்டால், மேலே போட்ட ஒரு பிடித் தீனி எந்த மூலைக்கு? சிக்கனம் என்று நினைத்துச் சோற்றில் கலக்கும் வழக்கம் நம் பகுதியில் அதிகம். முழுச் சத்து என்று கணக்குப் போட்டுச் செய்த தீனியைப் பாதிக்கு மேல் நீர்க்கச் செய்துவிட்டு, தீனி சரியில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

வெறும் இறைச்சியும் அப்படியே. இறைச்சியில் புரதம் உண்டு, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. கோழிக்கடையில் வாங்கி அவித்துப் போட்டால் போதும் என்று நினைத்து வளர்த்த குட்டிக்கும் கால் வளையும்.

அதிகமானாலும் ஆபத்து

இதைக் கேட்டதும் சிலர், “அப்படியானால் தீனியோடு கால்சியம் டானிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம்” என்பார்கள். அதுவும் கூடாது. வளர்ந்த நாயின் குடல் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பங்கு உடம்பில் ஏறிவிடும். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு இதனால் எலும்பும் மூட்டும் கோணும். எனவேதான் வளர்ந்தபின் சுமார் 32 கிலோவைத் தாண்டும் ஜாதிகளின் குட்டித் தீனியில் சுண்ணாம்புச்சத்து 1.8-க்கு மேல் போகக்கூடாது என்று மேல் வரம்பும் வைத்திருக்கிறார்கள். முழு உணவுத் தீனி போடும் குட்டிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய டானிக் வேண்டாம். டானிக் பாட்டிலும் விற்றால் இன்னும் கொஞ்சம் லாபம் வரும் என்பது உண்மைதான். அந்த லாபம் நமக்கு வேண்டாம்.

கல்லாவில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஒன்று: குட்டிக்கு வயது என்ன? எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக்கூடாது என்று 2017 ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆனாலும் முப்பது நாள் குட்டியைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதற்கு எந்தப் பாக்கெட் என்று நாமாகச் சொல்லாமல், மருத்துவரிடம் அனுப்பி வைப்பதே சரி.

இரண்டு: என்ன ஜாதி, வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், கிரேட் டேன் போன்றவற்றுக்கும் நம் ராஜபாளையத்துக்கும் பெரிய ஜாதிக் குட்டி என்று போட்ட மூட்டையே ஏற்றது. 2005 ஆம் ஆண்டில் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நாய் ஜாதிகளில் ராஜபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை ஒடிசலான ஓட்ட நாய்கள். அவற்றைக் கொழுக்க வைக்க ஆசைப்படக் கூடாது. நம் பக்கம் பொமரேனியன் என்று சொல்லும் சடை நாய்க்குச் சிறிய உருண்டைதான் பல்லில் சிக்கும். தெருவில் எடுத்து வளர்க்கும் நாட்டுக் குட்டிக்குச் சாதாரண பப்பி மூட்டையே போதும். ஜாதி இல்லாத குட்டி என்பதற்காக அதன் எலும்புக்குச் சத்து வேண்டாம் என்றாகிவிடாது.

மூன்று: இப்போது என்ன தின்கிறது? இதுவரை எதைத் தின்றதோ அதையே முதல் சில நாள் தொடரச் சொல்ல வேண்டும்.

நான்கு: மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும்? இதைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். கேட்காமல் விலை கூடிய மூட்டையைத் தலையில் கட்டினால், அடுத்த மாதம் அவர் பாதி சோறு கலப்பார். மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவார். குட்டி வளர்ந்து முடியும் வரை தொடர்ந்து வாங்கக்கூடிய நடுத்தர மூட்டை, இரண்டு மாதம் மட்டும் வாங்கும் உயர்ந்த மூட்டையைவிட மேல்.

மூட்டையில் என்ன பார்ப்பது?

முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

முதலில் “பப்பி” என்றோ, வளர்ச்சிப் பருவத்துக்கு என்றோ, எல்லாப் பருவத்துக்கும் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். “அடல்ட்” என்றால் குட்டிக்கு ஆகாது.

அடுத்து, “முழுமையான, சரிவிகித உணவு” என்ற பொருள்படும் வாசகம் வேண்டும். “துணை உணவு”, “ட்ரீட்” என்று போட்டிருந்தால் அது பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் முறுக்கு, மிட்டாய் மாதிரி. அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது.

மூன்றாவது, சத்து அட்டவணை. இதில் போட்டிருக்கும் விகிதம் ஈரத்தையும் சேர்த்த கணக்கு. எனவே மேலே சொன்ன 22.5 என்ற புரத அளவு, அட்டையில் இருபதுக்குச் சற்று மேலாக நிற்கும். நல்ல குட்டி மூட்டைகளில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சுண்ணாம்புச்சத்தையும் அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் புரத எண் ஒன்றை மட்டும் வைத்து மதிப்புப் போட வேண்டாம். சோதனைச்சாலையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, பெருக்கிக் கணக்குப் பார்க்கிறார்கள். இந்த இடைவெளியில் புகுந்து மோசடி செய்தவர்கள் உண்டு. 2007 ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற பிளாஸ்டிக் ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். எண் உயர்ந்து நின்றது. அதைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. ஏராளமான பெயர்களில் விற்ற தீனிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மறு ஆண்டு அதே ரசாயனம் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரிலும் வெளிப்பட்டது. மிளகில் பப்பாளி விதை கலப்பதைப் பார்த்த நமக்கு இது புரியாததல்ல. சரக்கு யாரிடமிருந்து வருகிறது, ஏதாவது ஆனால் பொறுப்பேற்க முகவரி உள்ள ஆளா என்பதையும் எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிலோ விலையா, நாள் செலவா?

வாடிக்கையாளர் கிலோ விலையைத்தான் கேட்பார். நாம் நாள் செலவைச் சொல்லப் பழக வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் குட்டியின் வயது, எடைக்கு ஏற்ப ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்ற அட்டவணை இருக்கும். சத்துச் செறிவான தீனி குறைவாகச் செலவாகும். செறிவு குறைந்தது அதிகம் செலவாகும்.

கணக்குக்காக ஓர் உதாரணம். கிலோ 300 ரூபாய் தீனி ஒரு குட்டிக்கு நாளைக்கு 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாள் செலவு 45 ரூபாய். கிலோ 220 ரூபாய் தீனி அதே குட்டிக்கு 230 கிராம் வேண்டியிருந்தால், நாள் செலவு 50 ரூபாய் 60 காசு. விலை மலிவான மூட்டை செலவில் கூடுதலாகிவிட்டது. எப்போதும் இப்படித்தான் என்றில்லை. சில சமயம் மலிவான மூட்டையே கணக்கிலும் மலிவாக நிற்கும். ஒரு துண்டுத் தாளில் இரண்டையும் வாடிக்கையாளர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். கணக்கைப் பார்த்து வாங்கியவர் வேறு கடைக்குப் போக மாட்டார்.

கொடுக்கும்போது சொல்லி அனுப்ப வேண்டியவை

புதுத் தீனியை ஒரே நாளில் மாற்றினால் குட்டிக்குக் கழிச்சல் காணும். உடனே “உங்கள் சரக்கு சரியில்லை” என்று மூட்டை திரும்பி வரும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதிது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஒரு வாரத்தில் முழுவதும் என்று படிப்படியாக மாற்றச் சொல்லுங்கள்.

சிறு குட்டிக்கு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். பாலில் ஊற வைக்க வேண்டாம். பல குட்டிகளுக்குப் பசும்பால் செரிக்காது. ஊறவைத்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் புளித்துவிடும். நான்கு மாதம் வரை நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பின் இரண்டு வேளை. கையால் அள்ளிப் போடாமல் ஒரே டம்ளரில் அளந்து போட வேண்டும். விலாவைத் தொட்டால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. இதுதான் சரியான உடம்புக்கு எளிய அடையாளம்.

இன்னொன்று, நம் கடையிலேயே இருக்கும் நஞ்சுகள். சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் என்ற இனிப்பு, இவை நாய்க்கு ஆகாது. தீனியோடு பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் வாங்கிப் போகிறவரிடம், “குட்டிக்கு இதைக் கொடுத்துவிடாதீர்கள்” என்று ஒரு வார்த்தை சொல்வது நம் கடமை. பூனை வளர்ப்பவர் நாய்த் தீனி கேட்டால் கொடுக்காதீர்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். நாய்த் தீனியை நம்பினால் நாளடைவில் பூனையின் கண்ணும் இதயமும் கெடும்.

பூச்சி மருந்து, தடுப்பூசி இவற்றுக்கு நாம் ஆலோசனை சொல்லக் கூடாது. அரசுக் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. 2012 ஆம் ஆண்டு முதல் நம் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. குட்டி இரண்டு வேளை தொடர்ந்து தின்னாவிட்டாலோ, வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்தாலோ, தீனி மாற்றிப் பார்க்கும் நேரம் அதுவல்ல என்று சொல்லி அங்கே அனுப்புங்கள்.

ஈரம் என்ற எதிரி

ஈரத்தைப் பற்றி டெல்டாக்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஈர நெல்லைக் காப்பதற்கென்றே 1967 ஆம் ஆண்டில் இங்கே நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்று அது தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழைத் தாண்டினால் விவசாயி படும் பாடு நமக்குத் தெரியும். உலர் தீனி பத்து ஈரத்தில் வருகிற சரக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரித்து வைத்த மூட்டை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பிறகு பூசணம் பிடிக்கும்.

பூசணம் என்றால் மேலே தட்டிவிட்டு விற்றுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில், தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய நஞ்சு என்று தெரிந்தது. அதுதான் அஃப்ளடாக்சின். ஈரலைக் கெடுக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. சோளம், கடலை எதில் வேண்டுமானாலும் வரும். 2020 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் இந்த நஞ்சு ஏறிய நாய்த் தீனியால் பல நாய்கள் இறந்தன. ஆலையிலேயே வரக்கூடியது ஒரு பக்கம். நம் கிடங்கில் நாமே வரவழைத்துக்கொள்வது மறுபக்கம். பின்னதையாவது நாம் தடுக்கலாம்.

தீனி மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பினாயில், பூச்சி மருந்து, ஊதுபத்தி இவற்றின் பக்கத்தில் வேண்டாம். கொழுப்புப் பூசிய சரக்கு வாடையை இழுத்துக்கொள்ளும். எலி ஓட்டை போட்ட மூட்டையைத் தைத்து விற்காதீர்கள். எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். முதலில் வந்ததை முதலில் விற்றுத் தீர்க்க வேண்டும். புதுத் தவிட்டை நாலு நாள் வைத்தால் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறோம். தீனி மேல் பூசிய கொழுப்பும் காற்றுப் பட்டால் அப்படித்தான் கெடும். பிரித்த மூட்டையை அதன் பையோடு இறுக மூடி வைத்து, ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிடும்படி வாடிக்கையாளரிடமும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்து விற்பதை விட்டுவிடுவோம். நிறுத்துக் கொடுத்த பையில் எந்தப் பருவத்துக்கான தீனி, எப்போது செய்தது, எதுவரை நல்லது என்ற எந்த விவரமும் வாங்குகிறவருக்குப் போய்ச் சேராது. எங்கள் தவறு தொடங்கியதும் அங்கேதான். ஏழை வாடிக்கையாளருக்கு என்று கம்பெனியே சிறு பாக்கெட்டுகள் போடுகிறது. அவற்றை வாங்கி வைத்தால் போதும்.

சட்டமும் பில்லும்

2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்ணும் உணவைப் பற்றியது. கால்நடைத் தீவனம் அதில் அடங்காது. ஆகவே அரிசி, பருப்புக்கு உள்ள உரிம எண்ணைத் தீனி மூட்டையில் தேடிக் குழம்ப வேண்டாம். நாய், பூனைத் தீனிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரம் ஐ.எஸ். 11968 என்ற எண்ணில் இருக்கிறது. 2011 ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இதற்கும் பொருந்தும். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், வருடம், புகார் சொல்ல வேண்டிய இடம் இவை இல்லாத மூட்டையை மலிவு என்று வாங்கிப் போட்டால், பரிசோதனைக்கு வருபவர் முதலில் பிடிப்பது நம்மைத்தான்.

மாட்டுத் தீவனத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் இதற்கும் இல்லை என்று எண்ணி விடாதீர்கள். சில்லறை விற்பனைக்குப் பொட்டலமிட்ட நாய், பூனைத் தீனி வரிக்குரிய சரக்கு. விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு பில்லில் சரியாகப் போடுங்கள்.

கொள்முதலிலும் நிதானம் வேண்டும். பத்து மூட்டைக்கு ஒன்று இலவசம் என்று திட்டம் சொல்வார்கள். சிறு கடைக்கு குட்டித் தீனியில் இரண்டு வகை, பெரிய நாய்க்கு ஒரு வகை போதும். விற்கிற அளவுக்கு மாதம் இரண்டு தடவை எடுப்பது மேல். இலவச மூட்டை மழைக்காலத்தில் பூத்துப்போனால் பத்து மூட்டையின் லாபத்தையும் தின்றுவிடும். கேட்ட சரக்கு இல்லையென்றால் “இல்லை, இரண்டு நாளில் வரவழைத்துத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். அவசரமென்றால் எதிர்க்கடைக்கு அனுப்பினாலும் குறைந்துபோக மாட்டோம்.

அந்தக் கிராமத்துக் கடைக்காரர் இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். நாய் வளர்ந்து, ஒரு கால் சற்றே கோணியபடி அவர் கடை வாசலில் படுத்திருக்கிறது. அவர் தம் கடையில் தீனி கேட்டு வருபவரிடம் முதலில் குட்டியின் வயதைக் கேட்கிறார். நாங்களும் அப்படித்தான் கேட்கிறோம். குட்டி வாங்குகிறவர் பெரும்பாலும் ஒன்றும் தெரியாமல்தான் நம்மிடம் வருகிறார். நாம் எடுத்துக் கொடுப்பதை அப்படியே கொண்டுபோய்ப் போடுகிறார். “நீங்க கொடுத்ததைத்தானே போட்டோம்” என்று யாரும் வந்து நிற்காதபடி வியாபாரம் செய்வோம்.